விரியன் மேட்டில் ஒரு பெஞ்சு

ஹார்விக்,
மார்ச் 9

அன்புள்ள கிளெனிஸ்,

நான் நலம். நீயும் நியூசிலாந்தில் மகள் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் கோபம்தான், என் வயது அல்ல.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பாம்புகள் வெளியே வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை உறைபனி கரைந்ததும் மேய்ச்சல் வெளிக்குப் போனேன். மேட்டின் அடியில், காய்ந்த புல்லின் மேல், முதல் ஆண் விரியன் உடம்பைத் தட்டையாகப் பரப்பி வெயில் வாங்கிக்கொண்டிருந்தது. தலையில் இருக்கும் V வடிவக் குறியில் ஒரு பக்கம் விட்டுப்போயிருந்ததால் எது என்று அடையாளம் தெரிந்தது. என் அண்ணன், உன் டெஸ்மண்ட், அதற்கு 'போஸ்ட்மாஸ்டர்' என்று பெயர் வைத்திருந்தான்; நம் ஊர்த் தபால் மாதிரி மெதுவாகத்தான் நகரும். பெண் பாம்புகள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. அண்ணன் இல்லாத முதல் மார்ச் இது. பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் "வந்துட்டான்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அப்புறம்தான் மேட்டின் உச்சியில் நான்கு முளைக்குச்சிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா.

நேராகப் பம்ஃப்ரி வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்ற பல் டாக்டர், இப்போது ஊர்க் குழுத் தலைவர், உனக்குத் தெரியும். ரோஜாச் செடி வெட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குச்சிகள் டெஸ்மண்டின் நினைவுப் பெஞ்சுக்கு, ஈஸ்டர் முடிந்ததும் குழி தோண்டி கான்கிரீட் போடப்போகிறோம் என்றார். அந்த மேட்டுக்குள்தான் நம் ஊர் விரியன்கள் எல்லாம் குளிர்காலத்தைக் கழிக்கின்றன, வருடா வருடம் அதே பொந்துக்குத்தான் திரும்பி வரும், அது போய்விட்டால் பனியில் விறைத்துச் சாகும் என்றேன். "பாம்புதானே மாவிஸ், வேற பொந்து பாத்துக்கும்" என்றார். வேறு பொந்து பார்த்துக்கொள்ள அதென்ன வாடகை வீடா?

பெஞ்சில் பதிக்கப்போகும் பித்தளைத் தகட்டையும் கொண்டுவந்து காட்டினார். 'இயற்கையை நேசித்தவர்' என்று எழுதியிருக்கிறது. அவன் நேசித்ததன் தலைமேல் சிமெண்டைக் கொட்டிவிட்டு, அதன்மேல் இப்படி ஒரு தகடு. அண்ணன் இருந்திருந்தால் அந்தத் தகட்டைப் பிடுங்கி ஆற்றில் எறிந்திருப்பான். நான் எறியவில்லை. கதவை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சாத்தினேன்.

மதுக்கடையில் சொல்லி ஆள் சேர்க்கப் பார்த்தேன். கடைக்காரன் நெவில், "உங்கண்ணன் சொத்துல உங்க பங்குக்குப் பாம்புதான் வந்துச்சா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் செத்தபோது இதே ஆட்கள்தான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கல்லறை வரை வந்தார்கள். ஒருவருக்கும் வெட்கமில்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். மறுநாளும் பம்ஃப்ரியிடம் போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இங்கதான் போடணும்னு அவர் மனைவியே படத்தோட எழுதி அனுப்பிட்டாங்க. நீங்க தங்கச்சிதானே? அவங்க சொன்னா மாத்துறேன், நீங்க சொல்லி மாத்த முடியாது."

தங்கச்சிதானே! ஐம்பது மார்ச் மாதம் அவனோடு அந்தக் குளிரில் நின்றவள் நான். நீ ஒரு நாளாவது வந்திருக்கிறாயா? பாம்பு என்றாலே காரை விட்டு இறங்க மாட்டாய். அதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவன் நின்ற இடம் எது என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காதது எனக்கு வலிக்கிறது, கிளெனிஸ்.

நீ அனுப்பியது எந்தப் படம் என்று எனக்குத் தெரியும். உன் வீட்டு நடையில் மாட்டியிருந்தாயே, வெயிலில் மஞ்சளாக அந்த மேடு, அதுதான். அதை நியூசிலாந்துக்கும் கொண்டுபோயிருக்கிறாய். அவன் வழக்கமாக நின்ற இடம் அந்த மேடுதான் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். இன்னொரு முறை எடுத்துப் பார். அதில் அண்ணன் இல்லை. படம் எடுத்தவன் அவன்.

அவன் அந்த மேட்டை ஒரு நாளும் மிதித்ததில்லை. காலடி அதிர்ந்தால் பாம்பு உள்ளே போய்விடும். மேட்டுக்கு எதிரே, பள்ளத்தைத் தாண்டி ஒரு பிர்ச் மரம் இருக்கிறது. அதில் சாய்ந்து அசையாமல் நிற்பான். அவன் நின்று நின்று தேய்ந்த அந்த இடத்தில் இன்னும் புல் முளைக்கவில்லை. நேற்றும் போய்ப் பார்த்தேன்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே பம்ஃப்ரிக்குப் போன் செய். பெஞ்சைப் பிர்ச் மரத்தடியில் போடச் சொல். தகட்டில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

பெஞ்சில் இரண்டு பேர் உட்காரலாம். அடுத்த மார்ச்சில் நீ வா. நீ இப்போது இருக்கும் நாட்டில்தான் பாம்பே கிடையாதே, பயம் விட்டுப்போயிருக்கும். பள்ளத்தைத் தாண்டி ஒன்றும் வராது. பிளாஸ்கில் தேநீர் நான் கொண்டுவருகிறேன். போஸ்ட்மாஸ்டர் வரும்போது "வந்துட்டான்" என்று சொன்னால், அதைக் கேட்க எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். பேரப் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

கோபம் தீராத, ஆனாலும் உன்,
மாவிஸ்