வாசல் வந்து நிற்கும் இடம்

11 நவம்பர் 2024, திங்கள்

பாப்பு, உன் கேமராவை இன்றைக்குத்தான் வெளியே எடுத்தேன். நீ கண்ணை மூடிய பிறகு பெங்களூரிலிருந்து உன் சாமான்களோடு வந்த கறுப்புப் பை, ஐந்து மாதமாகப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. இந்த டைரியும் அதில்தான் இருந்தது. உன் கம்பெனி கொடுத்தது. ஒரு வரிகூட நீ எழுதவில்லை.

எடுத்ததற்குக் காரணம் வர்ஷினி. உன்னோடு ஒரே அறையில் இருந்த பிள்ளை. மத்தியானம் போன் பண்ணினாள்.

"அக்கா, கேக்கவே ஒரு மாதிரி இருக்கு. ஜனவரில எங்க டான்ஸ் கேம்ப், இந்தத் தடவ மதுரைப் பக்கம். நாகஜோதிதான் போட்டோ எடுக்கிறதா இருந்துச்சு. அவ கேமராவ மட்டும் மூணு நாளைக்குக் குடுப்பீங்களா?"

"என்ன டான்ஸு?"

"ஸ்விங் டான்ஸ்க்கா. ஜோடி ஜோடியா ஆடுறது. நாலு வருஷமா ஆடுனாளே, சொல்லலையா?" கேட்டுவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள்.

நாலு வருஷம்! சாயங்காலம் நான் போன் பண்ணும்போது உனக்கு மூச்சு வாங்கும். என்னடி இரைக்குதுன்னு கேட்டா, மாடிப்படி ஏறினேன்க்கான்னு சொல்லுவ. எத்தன மாடிடி ஏறுன நாலு வருஷமா?

கோபத்தில் சொன்னேனா, வேறு எதிலாவது சொன்னேனா, தெரியவில்லை. "கேமரா தனியா எங்கயும் வராது தாயி. நான் வாரேன். நானே எடுத்துத் தாரேன்."

"நீங்க போட்டோ எடுப்பீங்களாக்கா?"

"எடுப்பேன்."

பச்சைப் பொய். அஞ்சாவதோடு நின்றவள் நான். இதை எங்கே அமுக்கினால் கண் திறக்கும் என்றுகூடத் தெரியாது.

12 நவம்பர், செவ்வாய்

திருநகரில் நான் வேலை பார்க்கிற ஸ்யாமளாம்மா வீட்டில் சமைக்கிறபோது கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். "முத்துமீனா, சாம்பார் அடிப்பிடிக்கறது பாரு" என்று அவர் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

உன் எட்டாம் வகுப்பு ஆண்டுவிழாவை நினைத்துக்கொண்டிருந்தேன். மேடையில் ஆடினாய். பின்னால் ஒருத்தி, "வயசுக்கு வந்த பிள்ளைய ஆட விட்டுட்டு உக்காந்திருக்கா பாரு" என்றாள். பாட்டு முடிவதற்குள் ஏறிப் போய் உன் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தேன். கன்னத்தில் ரோஸ் பவுடரோடு செக்கானூரணி வரை பஸ்ஸில் உட்கார்ந்து வந்தாய்.

நம் அம்மா செத்தபோது நீ ஏழு மாதக் குழந்தை. தங்கச்சியும் நீதான், பிள்ளையும் நீதான். எவளோ சொன்னதற்காக இறக்கினேன்.

அதனால்தான் மறைத்தாய். எனக்குத் தெரியாதா?

17 நவம்பர், ஞாயிறு

வேலை இல்லாத நாள். செக்கானூரணியில் டவுன் பஸ் ஏறினேன். மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பினேன். மறுபடியும் போனேன். மொத்தம் நாலு நடை. பொம்பளைகளுக்குத்தான் டிக்கெட் கிடையாதே.

கண்டக்டர் கருப்புக்குப் பொறுக்கவில்லை. "ஏக்கா, ஓசின்னா இப்படியா? எங்கதான் எறங்குவ?"

"எறங்குறதுக்கு ஏறலண்ணே. படம் எடுக்க ஏறியிருக்கேன்."

"நல்லாருக்கு. நாளைக்கு சன்னலுக்குத் தனி டிக்கெட் போடப்போறாங்க." பஸ்ஸே சிரித்தது.

கேமராவைத் தூக்கினால் போதும், எல்லோரும் ஆதார் கார்டுக்கு உட்காருவது போல விறைத்துவிடுகிறார்கள். கூடையில் கோழியோடு வந்த ஒச்சாயி மட்டும், "என் மூஞ்சிய எடுக்காத. கோழிய எடு, அதத்தான் இன்னைக்கு விக்கணும்" என்றாள். கோழியும் அசைந்துவிட்டது.

சன்னலுக்கு வெளியே எடுத்ததெல்லாம் பச்சைக் கோடு. மரமாம்.

1 டிசம்பர், ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! மேலே உள்ள வட்டத்தை S என்ற எழுத்துக்குத் திருப்பினால் ஒரு எண் வருகிறது; கேமராவின் கண் எவ்வளவு வேகமாக மூடித் திறக்கும் என்கிற கணக்கு. 30 வைத்தால் மரம் இழுபடுகிறது. 500 வைத்தால் வேப்பமரம் இலை இலையாக நிற்கிறது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஓடாத மரம். கத்திவிட்டேன்.

"என்னக்கா, பர்ஸ தொலைச்சிட்டியா?" என்று கருப்பு ஓடி வந்தார்.

"இல்லண்ணே, கெடச்சிருச்சு."

15 டிசம்பர், ஞாயிறு

உன் பிறந்தநாள். எதையும் எடுக்கவில்லை.

5 ஜனவரி 2025, ஞாயிறு

காளவாசல் சிக்னலில் ஒரு பைக். பின்னால் உட்கார்ந்தவள் மடியில் குழம்புச் சட்டி. தும்மல் வருகிறது, சட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடித் தும்முகிறாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பிடித்துவிட்டேன் பாப்பு. கண்ணை மூடினதும், புருஷன் திரும்பிப் பார்த்ததும், எல்லாம் இருக்கிறது.

6 ஜனவரி, திங்கள்

அதை ஸ்யாமளாம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதை நீயா எடுத்தே? என்னையும் ஒண்ணு எடேன்."

"எடுக்கிறேம்மா. மூணு நாள் லீவு வேணும்."

"எதுக்கு?"

"டான்ஸ் கேம்ப்புக்கு."

"நீயா!" சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போயிட்டு வா போ. சாருக்கு மூணு நாளும் உப்புமாதான்."

24 ஜனவரி, வெள்ளி

மாட்டுத்தாவணியிலிருந்து பஸ். கொட்டாம்பட்டிக்கு முன்னால், பெரிய ரோட்டை விட்டு உள்ளே ஒரு மாந்தோப்பு. நடுவில் மண்டபம், சுற்றிலும் அறைகள். எண்பது பேர், சென்னை, ஹைதராபாத் என்று எங்கெங்கிருந்தோ. ஊதுகுழல் கருவிகள் முழங்குகிற பழைய வெள்ளைக்காரப் பாட்டு. பெண்ணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கூடக் கைகோர்த்துச் சுற்றுகிறார்கள். நான் பயந்த மாதிரி எதுவும் இல்லை. சிரிக்கிறார்கள், அவ்வளவுதான்.

கேம்ப் நடத்துகிற அஸ்வத் கேட்டான். "அக்கா, இதுக்கு முன்னாடி டான்ஸ் எடுத்திருக்கீங்களா?"

"பஸ்ஸு எடுத்திருக்கேன்."

அவனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சாயங்காலம் என் லட்சணம் தெரிந்துவிட்டது. நானூற்றுப் பத்துப் படம். 500 வைத்ததெல்லாம் ஒரே இருட்டு. வெயிலில் ஓடின எண் மண்டபத்துக்குள் ஓடவில்லை. எண்ணைக் குறைத்தால் ஆளே இழுபடுகிறது. மிச்சமெல்லாம் முதுகு. நான் திருப்புவதற்குள் முகம் அந்தப் பக்கம் போய்விடுகிறது.

அஸ்வத் பார்த்தான். வாசலில் வர்ஷினியிடம் சொன்னது காதில் விழுந்தது. "மதுரைல இருந்து ஒரு ஆள வரச் சொல்லிடலாம். கேமரா அவர்கிட்ட இருக்கட்டும்."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் குடு அஸ்வத். ப்ளீஸ்."

பொய் சொல்லிட்டு வந்துட்டேன்டி. உன் எடத்துல வந்து நின்னு உன் பேரையும் சேத்துக் கெடுக்கிறேன். உன் கேமராவ எவன் கையிலயோ குடுத்துட்டு நான் என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க? விடிஞ்சதும் மொத பஸ்ஸுக்குப் போயிரவா?

25 ஜனவரி, சனி

போகவில்லை.

காலையில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தேன். எடுக்கவில்லை. சும்மா பார்த்தேன். நேற்று முழுக்கக் கேமராவைத்தான் பார்த்திருக்கிறேன், ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை.

ஜோடி நெருங்கி வருகிறது, ஒரு சுற்று, பிறகு ஒருத்தி விலகி ஓடுகிறாள். கை நீளும் மட்டும் ஓடுகிறாள். கை முழுதாக நீண்டதும், இழுபட்டுத் திரும்புவதற்கு முன்னால், கண் இமைக்கும் நேரம் நிற்கிறாள். எல்லா ஜோடியும் அப்படித்தான். எட்டு எண்ணுவதற்குள் ஒரு தடவை.

இது எனக்குத் தெரிந்த வேலை பாப்பு!

பெரியாரில் சாயங்கால பஸ்ஸுக்கு எத்தனை கூட்டம் நிற்கும்? பஸ் தெரிந்ததும் அதை நோக்கி ஓடுகிறவள் வீடு வரை நின்றுகொண்டேதான் போவாள். நாங்கள் ஓட மாட்டோம். டிரைவர் எங்கே ஒடிப்பார், எந்தக் குழியைப் பார்த்து பிரேக் போடுவார், வாசல் எங்கே வந்து நிற்கும், எல்லாம் தெரியும். வாசல் வருவதற்கு முன்பே அங்கே நிற்போம். பத்தொன்பது வருஷமாக எனக்கு சீட்டுக் கிடைக்காத நாள் குறைவு.

எழுந்தேன். ஆடுகிறவர்களைத் துரத்தவில்லை. கை நீளுகிற இடம் எதுவோ அந்தப் பக்கம் போய் நின்றேன். 60 வைத்தேன். ஐந்து, ஆறு என்று எண்ணி, அவள் வந்து நிற்பதற்கு ஒரு இம்மி முன்னால் அமுக்கினேன்.

முகம் நிற்கிறது. பாவாடை பறக்கிறது. கால் மட்டும் புகை மாதிரி ஓடுகிறது.

இன்னொன்று. இன்னொன்று. பத்துக்கு ஏழு விழுந்தது.

மத்தியானம் அஸ்வத் வந்து கையை நீட்டினான். கேமராவைக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். ஒன்றில் நின்றுவிட்டான்; அதில் அவனே வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, பஸ்ஸு மட்டுந்தான் எடுத்தேன்னு சொன்னீங்க?"

"இதுவும் பஸ்ஸுதான் தம்பி."

மதுரை ஆளுக்குப் போன் பண்ணி வர வேண்டாம் என்று சொன்னதை என் காதாலே கேட்டேன். ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

26 ஜனவரி, ஞாயிறு

மண்டபத்துச் சுவரில் என் படங்களைப் பெரிதாகப் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் கூச்சல். யார் முகம் வருகிறதோ அவர்கள் துள்ளுகிறார்கள். முடிந்ததும் எண்பது பேரும் தரையைக் காலால் தட்டினார்கள். கை தட்டுவதற்கு மேல் அதுதான் மரியாதையாம். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"படத்துக்குக் கீழ என்ன பேரு போடணும்க்கா? ஜோதி பேரா?" என்று வர்ஷினி கேட்டாள்.

யோசித்தேன். நீ எடுத்திருந்தால் உன் பேர். எடுத்தது நான்.

"முத்துமீனா, செக்கானூரணின்னு போடு."

எழுதிக்கொண்டவள் அப்படியே என் கையைப் பிடித்து நடுவுக்கு இழுத்தாள். "ஒண்ணும் இல்லக்கா, நடக்கிற மாதிரிதான். ஒரு கால், மறு கால், பின்னால ஒண்ணு." செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினேன். முழுப் பாட்டும். யாரும் ஏறி வந்து இழுக்கவில்லை.

முடிகிற நேரம் போன் அடித்தது. ஸ்யாமளாம்மா.

"என்ன முத்துமீனா, இப்படி மூச்சு வாங்கறது?"

"மாடிப்படி ஏறினேம்மா" என்றேன். இங்கே மாடியே கிடையாது.

போனை வைத்த பிறகு மாமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். நன்றாக இருந்தது.

2 பிப்ரவரி, ஞாயிறு

ஒச்சாயிக்குப் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். "கோழி அன்னைக்கே வித்துப்போச்சு. இது ரெண்டு கோழி மாதிரில்ல தெரியுது" என்று இடுப்பில் செருகிக்கொண்டாள்.

9 மார்ச், ஞாயிறு

அடுத்த மாதம் பெங்களூரில் அவர்களுடைய பெரிய கூட்டம். முத்துமீனா அக்காதான் எடுக்க வேண்டும் என்று அஸ்வத்தே பேசினான். வாரேன் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை பொய் இல்லை.

வர்ஷினி ரயிலில் டிக்கெட் போட்டிருக்கிறாள். காலையில் மதுரையில் ஏறினால் மத்தியானம் பெங்களூர். சன்னல் சீட்டு. திண்டுக்கல்லுக்கு அப்பால் நான் எதையும் பார்த்ததில்லை. எந்த மலை வரும், எந்த ஆறு வரும், ஒன்றும் தெரியாது. கேமராவுக்கு ரெண்டு பேட்டரி சார்ஜ் போட்டு வைக்க வேண்டும்.

நாலு வருஷம் போனாய், வந்தாய், எல்லாம் ராத்திரி பஸ்ஸில், கண் சிவந்து வந்து இறங்குவாய். அந்த வழியைப் பகலில் ஒரு தடவையாவது பார்த்தாயா பாப்பு?