மூன்றாவது சிப்புக்கு வைத்த பொட்டு

அன்புள்ள வெற்றி அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் ஆபீஸில் தமிழ் தெரியாதவர்களிடம்கூடக் காட்டாதே. போனில் அப்பாவிடம் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதே, உன் காலில் விழுகிறேன். உன் சிப் பெட்டிக்கு மேலே அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதின கடிதம் ஒன்று இருக்கும். இங்கே எல்லோரும் சுகம், நீ சுகமாக இருக்க வேண்டும், பெட்டியை நாங்கள் திறக்கவே இல்லை என்று அதில் இருக்கும். அதில் சுகம் என்பது வரைக்கும்தான் உண்மை. மிச்சத்தைச் சொல்லத்தான் பாத்ரூம் லைட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா இரண்டு தடவை புரண்டு படுத்துவிட்டாள்.

ஆகஸ்டில் லீவுக்கு வந்தவள் வெளிச்சம் ஓடப் பாதை போட்டு நீ செய்த அந்த நாலு கண்ணாடிச் சிப் இருந்த பெட்டியை அலமாரியிலேயே மறந்துவிட்டு நெதர்லாந்து போய்விட்டாயே, அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் நிம்மதியாக மூச்சு விடவில்லை. போனில் நீ சொன்னது ஒன்றுதான், தூசி படக்கூடாது, திறக்கக்கூடாது, நெதர்லாந்துக்கு வரப்போகிற செல்லதுரை அண்ணன் சென்னையிலிருந்து வந்து வாங்கிக்கொள்வார். நம் வீடு இருப்பதோ அரியலூர் ரோட்டு மேல். நிமிஷத்துக்கு ஒரு சிமெண்ட் லாரி. அப்பா அந்தப் பெட்டியை டிபன் கேரியர் அடுக்கில் வைத்து, கேரியரை அரிசி டிரம்முக்குள் வைத்து, டிரம்முக்கு மேல் தன் மழைக்கோட்டைப் போட்டு மூடினார். அதற்குப் பிறகு அம்மா உலைக்கு அரிசி எடுப்பதென்றால் கொரோனா சமயத்து மாஸ்க்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒருநாள் அப்பா பெட்டியை வெளியில் எடுத்துக் காட்டியபோது பக்கத்து வீட்டுக் கலியம்மாள் அத்தை, அதன் கண்ணாடி மூடி வழியாகப் பார்த்துவிட்டு, ஏண்டி, வெட்டிப் போட்ட நகம் மாதிரி இருக்கு, இதுல எங்கடி வெளிச்சம் ஓடுதுன்னு கேட்டது. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நீ சொல்லிக்கொடுத்ததை அவர் பஸ் ஓட்டுகிறவர் கணக்கில்தான் புரிந்து வைத்திருக்கிறார். முடியைவிட மெல்லிசா ரோடு போட்டிருக்கு கலியம்மா, வளைவு ரொம்பக் குறுகலா இருந்தா படியில தொங்குறவன் விழுற மாதிரி வெளிச்சம் வெளியில விழுந்துடும், அதான் எம்பொண்ணு அகலமா வளைச்சிருக்கா, அப்படின்னு சொன்னார். வட்டமாக ஒரு பாதை இருக்கிறதே, அதில் வெளிச்சம் ஏன் சுற்றிச் சுற்றி வருகிறது என்று அத்தை கேட்டதற்கு, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல எடம் கெடைக்காட்டி நான் சுத்திச் சுத்தி வர்றேன்ல, அந்த மாதிரிதான் என்றார். அத்தைக்கு உடனே புரிந்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், கோபப்படாதே. முந்தாநாள் ஆயுத பூஜை. காலையிலேயே அப்பா பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. பிறகு வீட்டில் மிக்ஸி, அரிவாள்மனை, அம்மாவின் தையல் மெஷின், என் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றுக்கும். அப்போது அம்மாதான் சொன்னாள், பெரியவளோட ஆயுதம் மட்டும் டிரம்முக்குள்ள இருட்டுல கெடக்கேன்னு. அப்பா ரொம்ப நேரம் யோசித்தார். பூஜை செய்யறதுக்குத் திறந்தா அது திறந்ததா ஆகாது என்று முடிவு சொன்னார். பெட்டி திறந்தது. உன்னுடைய மூன்றாவது சிப்புக்கு ஒரு பொட்டு. அக்கா, நீ மூன்று வருஷம் உழைத்ததில் சரியாக வந்தது அது ஒன்றுதான் என்று நீயே சொன்னதால், முதல் மரியாதை அதற்கு. அதற்கு மட்டும் வைத்தால் மற்றது மூன்றும் கோவித்துக்கொள்ளும் என்று அம்மா சொல்ல, அவற்றுக்கும். சாம்பிராணியும் காட்டினார்கள். சக்கரம் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழம் எப்படி நசுக்குவது என்று அப்பா குழம்பி, கடைசியில் நாலு சுண்டைக்காயைப் பெட்டிக்கு முன்னால் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கினார்.

அன்று ராத்திரிதான் எனக்கு நீ சொன்னது ஞாபகம் வந்தது. வெளிச்சம் பாதைக்குள்ளேயே முழுசாக அடங்கிப் போகாது, கொஞ்சம் மேலே தலையை நீட்டிக்கொண்டுதான் போகும், மேலே அழுக்கு ஒட்டியிருந்தால் அது உறிஞ்சிவிடும் என்றாயே. சந்தனம் அந்த வட்டத்துக்கு நேர் மேலே காய்ந்து கிடக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போய், நல்லது நெனச்சு வச்ச பொட்டு கெடுக்காது, நீ வாயத் தொறந்தா பள்ளிக்கூடத்தை நிறுத்திடுவேன் என்றார். அம்மா முந்தானையால் துடைக்க வந்தாள், நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுததால் விட்டுவிட்டாள். அதனால் பொட்டு அப்படியே இருக்கிறது.

எனக்குப் பயம் அடி வாங்குவதற்கு இல்லை. நீ அங்கே வெளிச்சத்தை உள்ளே விடுவாய், மறுபக்கம் ஒன்றும் வராது. உன் கணக்குத்தான் தப்பு என்று நினைத்து, சாப்பிடாமல், மூன்று வருஷத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாய். உன்னை எனக்குத் தெரியும். உன் கணக்கு சரி அக்கா. தப்பு சந்தனம். அதைத் தீக்குச்சி நுனியால் வைத்ததும் நான்தான், சின்னக் கை நடுங்காதுன்னு அப்பா என்னிடம் கொடுத்தார். அழகாக வட்டத்துக்கு நடுவில் வர வேண்டுமென்று நாக்கைக் கடித்துக்கொண்டு வைத்தேன்.

அம்மா பருப்புப் பொடி கொடுத்துவிடுகிறாள், தனி மூட்டை, சிப் பெட்டிக்குள் வைக்கவில்லை, நான் பார்த்துவிட்டேன். குளிருக்குக் காதைக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். இந்தக் கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் இருக்கிற பஞ்சுக்குக் கீழே மடித்து வைக்கப் போகிறேன். எங்கள் பஞ்சவர்ணம் டீச்சரிடம் யாருக்கோ கேட்கிற மாதிரி, கண்ணாடியில் காய்ந்த சந்தனத்தை எப்படி எடுப்பது என்று கேட்டேன். தேய்த்தால் கீறிவிடுமாம், முதலில் சுத்தமான

கதவு தட்டுகிறார்கள். செல்லதுரை அண்ணனாகத்தான் இருக்கும், அவர் வருகிற விடியற்காலை அஞ்சு மணி பஸ் அதற்குள்ளா வந்துவிட்டது. அவர் இன்னும் பேரைக்கூடச் சொல்லவில்லை, அதற்குள் அப்பா எழுந்து உள்ளேயிருந்தே சத்தம் போடுகிறார், நாங்க பொட்டெல்லாம் ஒண்ணும் வைக்கலீங்க தம்பின்னு. அக்கா, தேய்க்காதே, தண்ணீரில்