ஒப்புதலுக்குக் காத்திருக்கும் செய்திகள்

என் பாசமுள்ள சாமு அண்ணனுக்கு,

முதலில் உன்னோடு ஒரு சண்டை. நீ இறந்ததைக் கேட்டு நீ நடத்திய லினக்ஸ் கணினிக் கேள்வி-பதில் மின்னஞ்சல் குழுவில் ஆளாளுக்கு அஞ்சலி எழுதினார்கள். ஒன்றுகூட வெளியே வரவில்லை. எந்தச் செய்தியானாலும் நீ படித்து ஒப்புதல் கொடுத்தால்தானே குழுவுக்குப் போகும்! உன் சாவுக்கு வந்த அஞ்சலியெல்லாம் உன் ஒப்புதலுக்காகக் காத்துக் கிடந்தது. நான் சிரிக்கவா, அழவா?

அடக்கம் முடிந்த மறுவாரம் நோட்டில் நீ எழுதி வைத்திருந்த பாஸ்வேர்டைத் தேடிப்பிடித்து, அந்த அஞ்சலிகளை மட்டும் நானே வெளியே விட்டேன். அன்றோடு இந்தச் சுமை என் தலையில் ஏறிவிட்டது. யார் கேட்டார்கள் இதை?

நீ எப்படி அண்ணே இத்தனை வருஷம் தாங்கினாய்? தமிழ் எழுத்து வரவில்லை என்று ஒருவர், பிரிண்டர் முரண்டு பிடிக்கிறது என்று ஒருவர், நடுவில் மூட்டுவலித் தைல விளம்பரம். எல்லாவற்றையும் படித்துத்தான் தள்ள வேண்டியிருக்கிறது. ஆபீஸ், சமையல், பிள்ளைகளின் பரீட்சை என்று நான் ஓடிக்கொண்டிருந்தால் குழுவிலிருந்து யாராவது போன் செய்துவிடுவார்கள்.

"என்னம்மா, கேள்வி போட்டு மூணு நாளாச்சு. அண்ணாச்சி இருக்கும்போ இப்படியா? அங்கன என்னதான் செய்யுதிய?"

வந்த கோபத்தில், "அப்போ அண்ணாச்சிகிட்டயே போயி கேளுங்க" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு அழுதேன்.

அந்த எரிச்சலில்தான் தப்பும் செய்தேன். டவுண் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் போனில், அன்று வந்ததையெல்லாம் மளமளவென்று ஒப்புதல் கொடுத்துத் தள்ளினேன். அதில் ஒன்று, வேண்டாத கோப்புகளை அழிக்கிற கட்டளை. நடுவில் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அது விழுந்தால் வேண்டிய கோப்புகளும் சேர்ந்து அழிந்துவிடுமாம். அம்பாசமுத்திரத்தில் கணினி வாத்தியாராக இருக்கும் ஆறுமுகம் சார் அதைப் பள்ளிக்கூடக் கணினியில் அப்படியே போட்டிருக்கிறார். பிள்ளைகள் வருஷம் முழுக்கச் செய்து வைத்த பயிற்சியெல்லாம் போச்சு.

போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "குழுவை மூடிருதேன் சார். என்னால முடியல" என்றேன்.

"அதுக்கு ஏம்மா அடைக்கணும்? பிள்ளைக திரும்பச் செஞ்சிருவாவ. ஆனா ஒண்ணு கேக்கேன். உங்க அண்ணன் எதையும் ஒருதடவை ஓட்டிப் பாக்காம விடமாட்டாவளே. நீங்க பாக்கலியா?"

ஓட்டிப் பார்ப்பதா? எனக்கு யார் சொன்னது? உன் கட்டிலுக்கடியில் கிடந்த பழைய கணினி எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. வருகிற கட்டளையையெல்லாம் முதலில் அதில் போட்டுப் பார்த்திருக்கிறாய். அதைப் பழைய இரும்புக்குப் போட இரண்டு தடவை வெளியே எடுத்தவள் நான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு போய்விட்டாயே!

சார் சொன்னாலும் எனக்கு மனசு ஆறவில்லை. மூடிவிடுவதென்றே முடிவு செய்தேன். அதற்குமுன் காத்திருப்பதையெல்லாம் தீர்த்துவிடலாம் என்று அடிவரை போனால், அங்கே உன் பெயர். உன் செய்தியைக்கூட எல்லார் செய்தியையும் போல நிறுத்தி வைத்திருக்கிறாய்! ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, தென்காசிப் பெண் ஒருத்தியின் கேள்விக்கு நீ போனில் எழுதிய பதில். ஓட்டிப் பார்க்க அங்கே கணினி இல்லை. அதனால் உனக்கு நீயே ஒப்புதல் கொடுக்கவில்லை.

பழைய கணினியைத் துடைத்து, பதிலில் இருந்த கட்டளையைப் போட்டேன். ஓடவில்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

நானே சேர்த்திருக்கலாம். ஆனால் அடுத்தவர் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட நாம் தொடக்கூடாது, காரணம் சொல்லி எழுதியவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அந்த பாஸ்வேர்டு நோட்டிலேயே நீ எழுதி வைத்த சட்டம். "ஓர் எழுத்து குறைகிறது. திருத்தி அனுப்பவும்" என்று உனக்கே போனில் எழுதி அனுப்பினேன். பக்கத்து அறையில் நான் அணைக்காமல் வைத்திருந்த உன் லேப்டாப், அஞ்சல் வந்ததென்று டிங்கென்றது.

கொஞ்ச நேரம் காத்திருந்தேன், அண்ணே. நீ திருத்தி அனுப்புவாய் என்று.

பிறகு அந்தப் பெண்ணுக்கு என் பெயரிலேயே பதில் எழுதினேன், ஓட்டிப் பார்த்துவிட்டு. குழுவை மூடவில்லை. தாமதம் என்று யார் என்ன ஏசினாலும், இனி ஓட்டிப் பார்க்காமல் ஒன்றையும் விடமாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
கிரேஸ்
பாளையங்கோட்டை