நோட்டீஸின் முதல் வரி

14 ஜூலை 1964, செவ்வாய். தாராவி.

பள்ளிக்கூடக் கமிட்டித் தேர்தலுக்கு இன்னும் ஐந்து நாள்தான். வீட்டுக்கு ஒரு ஓட்டு. காலையில் குழாயடி வரிசையில் நின்றவர்களிடம் என் நோட்டீஸை வாசித்துக் காட்டினேன். ஜெயித்தால் பெஞ்சு, பூகோளப் படம், புத்தக அலமாரி எல்லாம் வாங்க வைப்பேன் என்றேன். பக்கத்துச் சந்து இசக்கியம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அலமாரி இருக்கட்டும் அண்ணாச்சி. எம் மவள நாலாங் கிளாஸோட ஏன் நிப்பாட்டுனேன்னு கேட்டியளா? அங்க பொம்பளப் புள்ள ஒதுங்க ஒரு மறைப்பு உண்டுமா?"

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை தடவை போயிருப்பேன்! மறைப்பு இல்லாதது ஒருமுறைகூடக் கண்ணில் படவில்லை.

வொர்க்‌ஷாப்பில் வேலை ஓடவில்லை. என் மகள் செல்வியும் நாலாவதோடுதான் நின்றாள். அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அவள் நின்றது ஏன் என்று சாயங்காலம் மனைவியிடம் கேட்டேன்.

"காலையில ஒரு மடக்குத் தண்ணி குடிக்க மாட்டா. சாயங்காலம் வயித்து வலின்னு அழுவா. ஒங்ககிட்ட எப்படிச் சொல்லுவா?"

நோட்டீஸில் அலமாரியை அடித்துவிட்டேன். முதல் வரி, பெண் பிள்ளைகளுக்குக் கக்கூஸ். புது நோட்டீஸைச் செல்வியையே எழுதச் சொன்னேன். குண்டு குண்டாக அழகாக எழுதினாள்.

எழுதி முடித்ததும் கேட்டாள்: "நீங்க தோத்துட்டா, இத ஜெயிச்சவங்ககிட்ட கொடுப்பியளாப்பா?"

கொடுப்பேன் என்றேன். அதற்கென்று இன்னொரு காப்பி எழுதிக்கொண்டிருக்கிறாள். விளக்கை அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டேன். இதற்கு மேல் டைரி எழுத எனக்கு வரி தெரியவில்லை.