நமுனுகுல ரோட்டில் பிடித்த தாளம்

2025 ஏப்ரல் 3, வியாழன்

பசறைக்கு மேலே, நமுனுகுல ரோட்டில் மண் சரிந்து பஸ் ஒரு மணித்தியாலம் நின்றது. மூடுபனிக்குள் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் தப்பு மேளம் அடிக்கிறார்கள். ஆள் தெரியவில்லை, சத்தம் மட்டும். என்ன ஒரு அடி! நிறுத்தி, இழுத்து, திடீரென்று பாய்கிறது. போனில் பதிந்துகொண்டேன். என்ன விசேஷம் என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

அந்தத் தப்பு அடியைக் கீபோர்டில் ஏற்றிவிட்டேன். வருகிற சனி எங்கள் இசைக்குழுவுக்குத் கோயில் திருவிழாக் கச்சேரி, அதே நமுனுகுல ரோட்டில் சிவஞானம் அண்ணன் பிறந்த தோட்டத்தில். குழு அவருடையது, பாடுவதும் அவர்தான். அவருக்குக்கூடச் சொல்லவில்லை. மேடையில் அசத்த வேண்டும்.

மே 3, சனி

வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிவிட்டு எழுதுகிறேன்.

பின்னேரம் நாலு மணிக்கு ஸ்பீக்கரில் அந்த அடியைப் போட்டேன். ஆட வந்த சனம் அப்படியே நின்றது. லயத்துக் கதவுகள் திறந்தன. "யாரு? யாரு போயிட்டாங்க?" என்று அடுப்படியிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகன் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

அது சாவுக்கு அடிக்கிற அடி. தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பதுளை டவுனில் போன் கடை வைத்திருக்கிற மேதாவி எனக்குத் தெரியவில்லை.

மேடையைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். "சாமி வெளிய வர்ற நேரத்துல வேணும்னே செஞ்சிருக்கான். உன் பேரென்னடா?" என்றான் ஒருவன். ஸாஹிர் என்ற முஸ்லிம் பெயரைச் சொல்லப் பயந்தேன். சிவஞானம் அண்ணன் குறுக்கே வந்து, "அவன் மேல கை வைக்காதீங்க. நான்தான் போடச் சொன்னேன்" என்றார்.

பச்சைப் பொய். "இனி நீ இந்தக் கோயில் வாசப்படிய மிதிக்காத" என்றார் கோயில் தலைவர். அண்ணனின் சொந்தக் கோயில்! நான்? வாயே திறக்கல. ஏன் திறக்கல?

மே 4, ஞாயிறு

அண்ணன் போன் எடுக்கவில்லை.

மே 7, புதன்

அண்ணன் கடைக்கு வந்தார். "விடு தம்பி. உண்மையச் சொன்னா உன்னச் சும்மா விடமாட்டாங்க." அவர் போனதும் பதிவை அழிக்கப் போனேன். அழித்தால் அது இன்னொரு பொய். உண்மையைச் சொல்ல ஞாயிறு தோட்டத்துக்குத் தனியாகப் போகிறேன். பயம்தான்.

மே 11, ஞாயிறு

கோயில் தலைவர் வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாம் சொன்னேன் — ஏப்ரல் மூன்று, நின்ற பஸ், அண்ணன் சொன்ன பொய். ஆறேழு பேர் கூடிவிட்டார்கள். அன்று என் பெயர் கேட்டவனும் நின்றான். அடி விழப்போகிறது என்றே நினைத்தேன்.

அவர்களை விலக்கிக்கொண்டு ஓர் அம்மா வந்தார், ரெங்கம்மா. "மூணாந்தேதியா? அது எங்க வீட்டுக்காரருக்கு அடிச்சதுங்க."

பையிலிருந்த போனைத் தொட்டேன்.

"அத இன்னும் வச்சிருக்கீங்களா?"

இருக்கிறது என்றேன். உடனே தன் போனில் மகள் நிஷாந்தினியைக் கூப்பிட்டார். குவைத்தில் வீட்டு வேலை. அப்பா சாவுக்கு வர முதலாளி வீட்டார் அவளை விடவில்லையாம்.

இரண்டு போனையும் ஒட்டவைத்துப் போட்டேன். தலைவர் மரியாதைக்குத் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஒன்றரை நிமிடம். முடிந்ததும் தலைவர் பக்கத்தில் நின்றவனிடம், "சிவஞானத்தக் கோயிலுக்கு வரச் சொல்லு" என்றார்.

"அண்ணே," என்றாள் நிஷாந்தினி, "இன்னொரு தடவ போடுங்க."

போட்டேன்.