பக்கங்கள் இல்லாத டீச்சர்

மார்ச் 4
ஆண்டுத் தேர்வு. என் அறையில் இந்த முறையும் ஒருவர்கூடக் காப்பி அடிக்கவில்லை. தலைமை ஆசிரியர் பாராட்டினார். என் அறைதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடித்துக்கொள்வதாகக் கேள்வி. என்ன பாசம்!

மார்ச் 9
காலையில் கதவு வலது தோளில் இடித்தது. மதியம் இடது தோளில். கதவுக்கு என்மேல் என்ன கோபம்?

மார்ச் 12
கண் டாக்டர் ஓர் எந்திரத்துக்குள் பார்க்கச் சொன்னார். வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
"ரெண்டு ஓரத்துலயும் புள்ளி வந்துக்கிட்டேதான் இருந்துச்சு, டீச்சர்."
நேரே தெரிகிறது, பக்கங்கள் போய்விட்டன. அப்படியானால் என் பிள்ளைகளின் ஒழுக்கம்— வேண்டாம், இதை எழுதக் கை வரவில்லை.

மார்ச் 15
ஸ்கேன் முடிவு வந்தது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவு சுரப்பியாம், பிட்யூட்டரி. அதில் கோலிக்குண்டு அளவுக் கட்டி, பார்வை நரம்பை அழுத்துகிறது. அபூர்வ வகை. எதிலும் அபூர்வமாக இருந்ததில்லை, இதிலாவது.
அறுவை சிகிச்சை டாக்டரம்மா சொன்னார்: "சில கட்டி மாத்திரைக்கே சுருங்கிடும். உங்களது அந்த ரகமில்ல. எடுத்தாகணும். மூக்கு வழியா."
"பார்வை?"
"திரும்பலாம். திரும்பாமலும் போகலாம். ஆனா விட்டு வச்சா, இருக்கிறதும் போயிடும்."
வெளியே வந்ததும் வீட்டுக்காரர்: "ஊர் விஷயத்துல எல்லாம் மூக்கை நுழைச்சே. இப்ப ஊரே உன் மூக்குல நுழையப் போகுது."

மார்ச் 18
பயமாயிருக்கு. படிக்க முடியாமப் போச்சுன்னா நான் யாரு?

மார்ச் 20
நாளைக்கு ஆபரேஷன். மூக்குக்குள் போடும் ஓட்டையை அடைக்க வயிற்றுக் கொழுப்பு எடுப்பார்களாம். "தாராளமா எடுத்துக்குங்க" என்றேன்.
"ஒரு ஸ்பூன் போதும், டீச்சர்."
என் ஈகைக்கு அவ்வளவுதான் மரியாதை.

மார்ச் 22
மூக்கைச் சிந்தக்கூடாது. குனியக்கூடாது. தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். முகமெல்லாம் வீக்கம். பார்வையைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 24
மறு ஸ்கேனில் கட்டி மிச்சமில்லை என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார். வீட்டுக்காரர் "நல்லது" என்றார், ஏதோ பால் பாக்கெட் வந்துவிட்டதுபோல. நான் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தேன்.
இடது பக்கம், ஜன்னலோரம், ஏதோ அசைந்தது.
பள்ளி விழாவில் கைகூடத் தட்டாத மனிதர், நான் பார்க்கமாட்டேன் என்ற தைரியத்தில், மருந்துச் சீட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். முகம் கொஞ்சம் மங்கல். இடுப்பு தெளிவாகத் தெரிந்தது.
நான் தலையைத் திருப்பவில்லை. ஆடி முடிக்கட்டும்.