அதிபரின் பந்தும் என் வட்டமும்

1934 ஜூலை 9, திங்கள்

விடியலிலிருந்து தூறல். சப்பாத்து காயவில்லை. ஈரத்தோடே காலில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம்.

இரண்டாம் பாடத்தின் நடுவில் எங்கள் பள்ளிக்கூடத்து அதிபர் துரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். (இனி அ. என்று எழுதினால் போதும். முழுப் பட்டத்தையும் வீட்டிலும் சுமக்க முடியாது.) என்ன குற்றமோ என்று போனேன். வாசலில் வழக்கம்போல இடுப்பிலிருந்து ஒரு குனிவு. குற்றமொன்றும் இல்லை. கோல்ப் விளையாட்டில் அவருடைய பந்து வலப்பக்கம் வளைந்து வளைந்து காட்டுக்குள் போகிறதாம். "நீர் பௌதிகம் படிப்பிக்கிறவர்தானே மாஸ்டர், காரணம் சொல்லும்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அந்தப் பந்தடிக்கும் கோலைக் கையால் தொட்டதில்லை என்று சொல்லவில்லை. அவருக்கும் தெரியும். துரைமாரின் கிளப்புக்குள் நம்மவர் போவதென்றால் பை தூக்கத்தான்.

ஆய்வுகூடத்துக்கு ஒரு புதுத் தராசு கேட்டுப் போன வருடம் எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. பந்துக்கு மட்டும் பௌதிகம் வேண்டும்.

ஜூலை 11, புதன்

மழை விட்டது. பின்னேரம் அ.வின் காரில் பேராதனைப் பக்கம், கோல்ப் திடல். முன்சீட்டில், சாரதிக்குப் பக்கத்தில் நான்.

வேலியோரமாக நின்று பார்த்தேன். பை தூக்குகிற மாரிமுத்து, தேயிலைத் தோட்டத்து ஆள், என்னைவிட மூத்தவர்: "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தொரை அடிச்சா எந்தப் பக்கம் வரும்னு சொல்ல முடியாது."

பார்த்தது:
– தோள் மையம். கையும் கோலும் சேர்ந்து ஆரை. கோலின் தலை ஒரு வட்டத்தில் வருகிறது.
– ஆனால் ஒரே ஆரை அல்ல. மணிக்கட்டில் மடிகிறது. ஆகவே இரண்டு தடி, நடுவில் கதவில் இருப்பதுபோல ஒரு பிணைச்சல்.
– கோல் மேலிருந்து இறங்கத் தொடங்கும்போதே அ. மணிக்கட்டை அவிழ்த்துவிடுகிறார். தோளும் முந்திக்கொள்கிறது. கோல் வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வருகிறது. பந்து சரிந்த அச்சில் சுழல்கிறது. பிறகு காற்று அதை வலப்பக்கம் தள்ளாமல் என்ன செய்யும்.

திரும்பும் வழியில் மடவளை நானாவின் இரும்புக் கடை. பிணைச்சல் ஒன்று வாங்கினேன். "ஒண்டு போதுமா மாஸ்டர்? கதவுக்கு ரெண்டு வேணுமே." கதவுக்கு அல்ல என்றேன். என் முகத்தையே பார்த்தார்.

ஜூலை 13, வெள்ளி

வீட்டுக்காரி கமலம் கண்டுபிடித்துவிட்டாள். "இஞ்சேருங்கோ, நல்ல குடைக்காம்பை ஏன் வெட்டினியள்?"

குடைக்காம்பும் பிரம்பும் பிணைச்சலும். சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்தேன். மேல்தடி வேகம் குறைகிற அந்த நேரத்தில்தான் கீழ்த்தடி பாய்கிறது. சலவைக்காரர் துணியைக் கல்லில் அடிப்பதும் இதுதான்: கை நிற்கும், துணியின் நுனி பறக்கும். பிணைச்சல் பிந்தி அவிழவேண்டும். அவ்வளவுதான் ரகசியம். எவ்வளவு அழகு. இத்தனை வருடம் படித்ததெல்லாம் வீண் இல்லை என்று இன்று ஒரு நாள் தோன்றியது. சோறு ஆறிப்போனது தெரியவில்லை.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: வட்டத்தின் அடிப்புள்ளி மையத்துக்கு நேர் கீழே. மையம் ஓர் அங்குலம் இறங்கினால் வட்டமும் ஓர் அங்குலம் இறங்கும், கோல் மண்ணைக் கொத்தும். ஆகவே அடிக்கிறவரின் தலை அசையக்கூடாது; அசைந்தால் தோளும் இறங்கும்.

கமலத்துக்கு விளக்கினேன். "ஓம், விளங்குது. துரையின்ரை பந்துக்கு எங்கட குடை."

நாளை: அரிசி, மண்ணெண்ணெய், குடை திருத்தக் கேட்பது.

ஜூலை 17, செவ்வாய்

அ.வின் அறையில் கரும்பலகை வைத்து விளக்கினேன். அரைவாசியில் கொட்டாவி விட்டார். "சூத்திரம் வேண்டாம் மாஸ்டர். என்ன செய்யவேண்டும், அதை மட்டும் சொல்லும்." மூன்று வாக்கியம் சொன்னேன். மணிக்கட்டு பிந்தட்டும். தோள் முந்தக்கூடாது. மையம் அசையக்கூடாது.

பின்னேரம் திடலில் அவர் அடித்த நாலாவது பந்து நேரே போனது. அவர் கத்தினார். எனக்கும் கத்தவேண்டும்போல இருந்தது.

ஜூலை 19, வியாழன்

தோட்டத்துத் துரைமார் நம்பவில்லையாம். கோலையே பிடிக்காத கறுப்பு வாத்தியார் எப்படிச் சொல்லமுடியும் என்றார்களாம். அ. இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். பிறகு சொன்னார்: "சனிக்கிழமை போட்டி முடிந்ததும் நீரே ஒரு பந்தை அடித்துக் காட்டும். நான் ஏற்பாடு செய்கிறேன்."

ஒரு பந்து. அந்தப் புல்லில், என் கையால், அவர்கள் பார்க்க. வேறு எதுவும் வேண்டாம். பதவி உயர்வு வேண்டாம். தராசுகூட வேண்டாம். வட்டம் என்னுடையது என்று அவர்கள் ஒருமுறை பார்த்தால் போதும்.

வீட்டின் பின்னால் பிரம்போடு பழகினேன். நன்றாகவே வருகிறது. தலை ஆணி அடித்தாற்போல நிற்கிறது. ஒரு பூச்சட்டி போய்விட்டது. கமலம் என் வெள்ளைக் கோட்டை எடுத்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்தி வைத்தாள்.

ஜூலை 21, சனி

எழுத மனமில்லை. எழுதாவிட்டால் நித்திரை வராது.

நல்ல வெயில். அ.வுக்கு வெள்ளிக் கிண்ணம். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பேசினார்: எல்லாம் ஒரு வட்டம்தான், யோசித்துப் பார்த்தபோது விளங்கியது என்றார். யார் யோசித்தது என்று சொல்லவில்லை. கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பழக்கதோஷம்.

பிறகு "மாஸ்டர், உம்முடைய முறை" என்றார். பெண்கள் கதிரைகளை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். மாரிமுத்து கோலைத் தந்தார். நான் நினைத்ததைவிடப் பாரம். கை நடுங்கவில்லை, இதை எழுதிவைக்கிறேன், நடுங்கவில்லை. உயர்த்தினேன். மணிக்கட்டு மடிந்தது. இறக்கம் தொடங்கியது. எல்லாம் சுவரில் ஆடிய தடிபோலவே வந்துகொண்டிருந்தது.

பின்னாலிருந்து அ.வின் குரல்: "வெற்றி உண்டாகட்டும், மாஸ்டர்."

"தேங்க் யூ, சேர்."

வாய் சொன்னது. வாயோடு இடுப்பும் குனிந்தது. பதினைந்து வருடமாக அந்தக் குரல் கேட்டால் குனிகிற இடுப்பு. கோல் மண்ணைக் கொத்தியது. பாளம் பாளமாகப் புல் பறந்தது. பந்து வைத்த இடத்திலேயே இருந்தது.

சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல, அதுதான் இன்னும் எரிகிறது. அ. என் தோளில் தட்டினார். "மையம் அசையக்கூடாது, மாஸ்டர்."

எனக்கே.

இன்னொரு பந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெயர்ந்த புல்லைப் பொறுக்கக் குனிந்தேன். மாரிமுத்து தடுத்தார். "விடுங்க சார், இது நம்ம வேலை. தொரைமாரும் தெனம் இப்படித்தான் கொத்துறாங்க. யாரு சிரிக்கிறா?"

வீட்டில் கமலம் வாசலில். "அடிச்சியளே?"

"ஓம்" என்றேன். கோட்டில் இருந்த மண்ணைப் பார்த்தாள். வாங்கிக் கொண்டுபோய் ஊறப்போட்டாள்.

ஜூலை 22, ஞாயிறு

மழை. வெளியே போகவில்லை. பிணைச்சலைக் கழற்றி வைத்தேன். ஆணி சுவரிலேயே கிடக்கட்டும்.

கணக்கில் பிழை இல்லை. திரும்பவும் போட்டுப் பார்த்தேன். மையம் இறங்கியது, வட்டம் இறங்கியது. சொன்னபடியே நடந்தது. இதைவிட நல்ல நிரூபணம் எவனும் காட்டமுடியாது.

நாளை முதல் குனிவதில்லை. 'குட் மோர்னிங்' சொல்லலாம், நேரே நின்று. அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். முடிகிறது.

ஜூலை 23, திங்கள்

தூறல். சப்பாத்து மறுபடி ஈரம். ஏழாம் வகுப்பு விடைத்தாள் முடியவில்லை.

காலை பள்ளிக்கூட விறாந்தையில் அ. எதிரே வந்தார். நல்ல மனநிலை. "குட் மோர்னிங், மாஸ்டர்."

குனிந்து நிமிர்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.